வியாழக்கிழமை எட்டரை மணி: புதுத் தொடர்கள் ஏன் பிழைக்கின்றன, ஏன் நிறுத்தப்படுகின்றன

அமெரிக்காவில் 1994-95 சீசனில் அதிகம் பேர் பார்த்த முதல் 20 தொடர்களுக்குள் 'மேட்மேன் ஆஃப் தி பீப்பிள்' என்று ஒரு காமெடி இருந்தது, டாப்னி கோல்மன் நடித்தது. முதல் 20 என்பது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் அதை ஒளிபரப்பிய என்பிசி ஒரே சீசனோடு நிறுத்திவிட்டது. அதே இரவில், அதே சேனலில், ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கிய இன்னொரு புதுக் காமெடி பத்து வருஷம் ஓடியது. அது 'ஃப்ரெண்ட்ஸ்'.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒரு நெட்வொர்க், அதாவது நாடு முழுக்க நிகழ்ச்சி கொடுக்கும் என்பிசி போன்ற நிறுவனம், தன் நேர அட்டவணையை எப்படிப் போடுகிறது, ஒரு புதுத் தொடருக்கு நாம் கொடுக்கும் வரவேற்பை அது எப்படி எடைபோடுகிறது என்பது புரியும். பிடித்த தொடர் பாதியில் நின்றுபோன வருத்தம் டிவி பார்க்கிற எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும், எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்போம். அதற்கான பதில் பெரும்பாலும் அந்தத் தொடருக்குள் இருக்காது. அதற்கு முன்னால் என்ன ஓடியது, பின்னால் என்ன ஓடியது, அதே நேரத்தில் மற்ற சேனலில் என்ன ஓடியது, இவற்றில்தான் இருக்கும்.

1994 செப்டம்பர் 22, வியாழக்கிழமை. என்பிசியில் எட்டு மணிக்கு 'மேட் அபவுட் யூ', எட்டரைக்குப் புதுசாக 'ஃப்ரெண்ட்ஸ்', ஒன்பதுக்கு 'சைன்ஃபெல்ட்', ஒன்பதரைக்குப் புதுசாக 'மேட்மேன்', பத்து மணிக்கு 'இஆர்'. அதுவும் புதுசுதான், முதல் எபிசோடை மட்டும் மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை போட்டிருந்தார்கள். இப்போது 'ஃப்ரெண்ட்ஸ்' உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு மரத்துக்கு நடுவில் தூளி கட்டுவதுபோல, ஏற்கெனவே வேரூன்றிய இரண்டு தொடர்களுக்கு நடுவில் புதுசைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எட்டு மணித் தொடரைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் சோம்பலில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பது மணித் தொடருக்காகக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் தாங்கிப்பிடிக்க நடுவில் இருப்பது மெதுவாகப் பழகிவிடும். ஆங்கிலத்திலும் இதற்குத் தூளி என்றே பொருள்படும் 'ஹம்மாக்' என்ற சொல்தான்.

'மேட்மேன்' இருந்த இடம் அதைவிடவும் வசதியானது. அந்த சீசனில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் 'சைன்ஃபெல்ட்'. அதன் வால்பிடித்து வருகிற அரைமணி. முன்னால் ஓடும் தொடர் பின்னால் வருவதற்குக் கொடுத்துவிட்டுப் போகும் கூட்டத்தை இந்தத் தொழிலில் 'லீட்-இன்' என்பார்கள். அந்தக் கூட்டம் 'மேட்மேன்' கைக்கு இலவசமாகவே வந்தது. அப்படியிருந்தும் அது அந்த சீசனின் நம்பர் ஒன் இடத்துக்குப் பக்கத்தில் வரவில்லை, முதல் இருபதுக்குள் எங்கோ நின்றது. பத்து மணிக்கு வந்த 'இஆர்' அந்த சீசனின் இரண்டாம் இடம். அதாவது ஒன்பது மணிக்கு ஒரு மலை, பத்து மணிக்கு ஒரு மலை, நடுவில் ஒரு பள்ளம். ஒன்பதரை மணிக்கு எழுந்து போனவர்கள் பத்து மணிக்குத் திரும்பி வந்தார்கள் என்றால் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை, அந்த அரைமணிதான் பிடிக்கவில்லை. நெட்வொர்க் பார்த்தது அந்தப் பள்ளத்தை. மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, கையில் கொடுத்த கூட்டத்தில் எத்தனை பேரைத் தக்கவைத்தாய் என்பதே கேள்வி.

நெட்வொர்க்குக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் அதன் கையில் இருக்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம். மாலை எட்டிலிருந்து பதினொன்றுவரை, ஞாயிறு மட்டும் ஏழிலிருந்து. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 22 மணி நேரம். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி என்ற பழைய மூன்றுக்கும் அவ்வளவுதான். 1986-ல் வந்த ஃபாக்ஸ் பத்து மணிக்கே முடித்துக்கொள்வதால் அதற்கு 15 மணி நேரம். திட்டம் போடுகிறவர்கள் அறையில் ஒரு பெரிய பலகை இருக்கும். மேலே கிழமைகள், பக்கவாட்டில் அரைமணிக் கட்டங்கள், ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு வரிசை. தொடரின் பெயர் எழுதிய காந்த அட்டைகளை அதில் ஒட்டி, எடுத்து, வேறு கட்டத்தில் ஒட்டி நாட்கணக்கில் பேசுவார்கள். செவ்வாயிலிருந்து ஒரு அட்டையை எடுத்தால் செவ்வாயில் ஓட்டை விழும், அதை அடைக்க வியாழனிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். புதுத் தொடர் நன்றாக இருக்கிறதா என்பது இந்தப் பேச்சில் ஒரு பகுதிதான். இது யாருடன் சேரும், எதிர் சேனலில் ஆண்கள் பார்க்கிற விளையாட்டு ஓடினால் இது பெண்களை இழுக்குமா, இதை நம்பி அடுத்த அரைமணியை நிறுத்த முடியுமா என்பதெல்லாம் மீதி.

இதெல்லாம் மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். அந்த மாதம்தான் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி வைத்து வரப்போகும் சீசனின் அட்டவணையைக் காட்டுவார்கள், 'அப்ஃப்ரண்ட்' என்று பெயர். செப்டம்பரில் தொடங்கும் சீசனுக்கான விளம்பர நேரத்தில் பெரும்பங்கு அதையொட்டிய வாரங்களிலேயே விற்றுப்போய்விடும். பார்வையாளர் ஒருவர்கூட முதல் எபிசோடைப் பார்த்திருக்க மாட்டார். இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வாக்குக் கொடுத்துக் காசு வாங்கியாயிற்று, அந்த எண்ணிக்கை வராவிட்டால் விளம்பரதாரருக்கு வேறு நேரத்தை இலவசமாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். புதுத் தொடருக்கு நாலு வாரம்கூடப் பொறுக்காமல் கத்திரி போடுவதற்குப் பின்னால் இந்தக் கடன் இருக்கிறது. முதலில் 13 எபிசோடு ஆர்டர், தேறினால் மேலே ஒன்பது சேர்த்து 22 என்பது நெடுங்காலம் இருந்த வழக்கம். அந்த ஒன்பது கிடைக்குமா கிடைக்காதா என்பதில்தான் எழுதுகிறவர்கள், நடிக்கிறவர்கள், ஒளிப்பதிவு செய்கிறவர்கள் அத்தனை பேருடைய அக்டோபர் மாதத் தூக்கமும் போகும்.

சரி, இந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? நீல்சன் நிறுவனத்திலிருந்து. 1987-லிருந்து நாடு தழுவிய கணக்குக்கு 'பீப்பிள் மீட்டர்' என்ற பெட்டி வந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி மேல் அதை வைப்பார்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். உட்காரும்போது உங்கள் பொத்தானை அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும், மறந்தால் பெட்டியில் விளக்கு மின்னி ஞாபகப்படுத்தும். தொண்ணூறுகளின் நடுவில் இப்படிப்பட்ட வீடுகள் நாலாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள்தான் இருந்தன. அமெரிக்காவில் அப்போது டிவி இருந்த வீடுகள் ஒன்பதரைக் கோடி. கணக்குப் போட்டால் ஒரு பெட்டி ஏறக்குறைய இருபதாயிரம் வீடுகளுக்காகப் பேசியது. புள்ளியியல்படி இதில் தவறில்லை, மாதிரி சரியாக எடுத்தால் இது போதும். ஆனால் பார்வையாளர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இல்லையென்றால் நீங்கள் ஒரு தொடரை உயிராக நேசித்தாலும் சரி, ரிமோட்டைத் தூக்கி எறிந்தாலும் சரி, அந்தக் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை.

அது மட்டுமில்லை, பெட்டிக்குத் தெரிந்தது ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான். கண் கலங்கப் பார்த்தவரும், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு பார்த்தவரும் அதற்கு ஒன்றே. என்பிசியில் பார்வையாளர் ஆய்வைப் பார்த்துக்கொண்டிருந்த பால் கிளைன் இதை ஒரு கொள்கையாகவே சொன்னார்: மக்கள் நிகழ்ச்சியைத் தேடி டிவி போடுவதில்லை, முதலில் டிவி பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள், அப்புறம் இருப்பதிலேயே குறைவாக உறுத்துவது எதுவோ அதில் நிற்கிறார்கள். மூன்றே மூன்று சேனல் இருந்த காலத்துக்கு அது பெரும்பாலும் உண்மை என்றே நினைக்கிறேன். அதனால் வந்த கேடு என்னவென்றால், யாரையும் உறுத்தாத தொடரே பாதுகாப்பானது என்ற பழக்கம் அட்டவணை போடுகிறவர்கள் மனசில் ஊறிவிட்டது. உண்மையிலேயே புதுசாக இருப்பது முதல் பார்வையில் உறுத்தத்தான் செய்யும்.

இதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. பைலட் என்று மாதிரிக்கு எடுக்கும் முதல் எபிசோடை ஒளிபரப்புக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள். 'ஆல் இன் தி ஃபேமிலி' அந்தச் சோதனையில் மோசமாக வந்தது, ஏபிசி இரண்டு முறை பைலட் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. சிபிஎஸ் 1971 ஜனவரியில் போட்டது, முதலில் சத்தமே இல்லை, கோடையில் மறுஒளிபரப்பு ஓடியபோதுதான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் தொடர்ந்து ஐந்து சீசன் நம்பர் ஒன். 'சைன்ஃபெல்ட்' பைலட்டும் சோதனையில் தேறவில்லை. 1989 ஜூலையில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், ஆனால் ரிக் லட்வின் என்ற அதிகாரி தன் பிரிவான சிறப்பு நிகழ்ச்சிகளுக்கான பணத்திலிருந்து எடுத்து நாலே நாலு எபிசோடுக்கு ஆர்டர் கொடுத்தார். அதற்கப்புறமும் புதன்கிழமைகளில் தட்டுத்தடுமாறித்தான் ஓடியது. 1993 பிப்ரவரியில் வியாழக்கிழமை 'சியர்ஸ்'க்குப் பின்னால் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஏறியது. 1998-ல் அதன் கடைசி எபிசோடை ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

அந்த 'சியர்ஸ்' கதையும் அப்படித்தான். 1982 செப்டம்பர் 30 அன்று முதல் எபிசோடு வந்தபோது அந்த வாரம் ஓடிய 77 நிகழ்ச்சிகளில் அது 74-வது. இன்றைக்கு அப்படி ஒரு எண் வந்தால் அடுத்த திங்கட்கிழமையே அட்டையைப் பலகையிலிருந்து பிய்த்துவிடுவார்கள். என்பிசி வைத்திருந்தது. நல்ல எழுத்து என்று உள்ளே இருந்தவர்கள் நம்பினார்கள் என்பது ஒரு காரணம், அப்போது என்பிசி மூன்றாம் இடத்தில் கிடந்தது, அந்த இடத்தில் போட வேறு நல்லது கையில் இல்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1984-ல் அதே வியாழக்கிழமை எட்டு மணிக்கு 'தி காஸ்பி ஷோ' வந்தது, மொத்த இரவும் தூக்கிக்கொண்டு போனது, 'சியர்ஸ்' 11 சீசன் ஓடியது. தோற்றுக்கொண்டிருக்கும் நெட்வொர்க்குக்குத்தான் பொறுமை இருக்கும் என்பது இந்தத் தொழிலின் விசித்திரம். ஃபாக்ஸ் சின்ன நெட்வொர்க்காக இருந்தபோதுதான் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' 1993-ல் வெள்ளிக்கிழமை இரவில், இளைஞர்கள் வீட்டிலேயே இருக்காத ஒரு நேரத்தில் தொடங்கி, சுமாரான எண்களோடு வளர்ந்து, 1996-ல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. அதே ஃபாக்ஸ் வளர்ந்த பிறகு 2002-ல் அதே வெள்ளிக்கிழமையில் 'ஃபயர்ஃபிளை'யைப் போட்டது. கதையைத் தொடங்கி வைக்கும் இரண்டு மணி நேர பைலட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு எபிசோடை முதலாவதாகப் போட்டு, வரிசையைக் கலைத்து, நடுவில் பேஸ்பால் ஆட்டங்களுக்காக விட்டு விட்டுப் போட்டு, எடுத்த 14-ல் 11-ஐ மட்டும் காட்டி நிறுத்தியது. அந்த பைலட் டிசம்பர் 20 அன்று, கடைசியாகத்தான் வந்தது. இவர்கள் யார், எந்தக் கப்பல், எதற்காக ஓடுகிறார்கள் என்று தெரியாமலே பார்வையாளர் மூன்று மாதம் பார்த்திருக்கிறார்! அப்படியும் அதற்கு விசுவாசமான ஒரு கூட்டம் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

லீட்-இன் என்பது மேலிருந்து கீழே பாய்கிற தண்ணீர் மாதிரி, அதை அடைத்தால் கடைமடைவரை காயும். 2009 செப்டம்பரில் என்பிசி வாரத்தில் ஐந்து நாளும் பத்து மணிக்கு ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சியை வைத்தது. ஐந்து நாடகத் தொடர்கள் எடுக்கும் செலவைவிட இது எவ்வளவோ மலிவு, குறைவான பேர் பார்த்தாலும் நெட்வொர்க்குக்குக் கட்டுப்படியாகும். கட்டுப்படியாகாதது உள்ளூர் நிலையங்களுக்கு. அமெரிக்காவில் நெட்வொர்க் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கும் உள்ளூர் நிலையங்கள்தான் ஒளிபரப்புகின்றன, பதினொன்று மணிச் செய்திதான் அவற்றுக்கு முக்கியமான வருமானம். பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் செய்திக்குக் கூட்டம் குறைந்தது, நிலையங்கள் கொதித்தன, 2010 பிப்ரவரி 9-ம் தேதியோடு நிகழ்ச்சி மூட்டை கட்டியது. பார்வையாளர்கள் யாரும் ஊர்வலம் போகவில்லை, கடிதம் எழுதவில்லை, வெறுமனே வேறு பக்கம் போனார்கள், அவ்வளவுதான்.

ஊர்வலம் போன பார்வையாளர்களும் உண்டு. 'ஸ்டார் டிரெக்'கை இரண்டாவது சீசனோடு நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள், 1968 மார்ச் 1 அன்று எபிசோடு முடிந்ததும் தொடர் தொடரும் என்று என்பிசி திரையிலேயே அறிவித்தது. ரசிகர்களுக்கு அது வெற்றி. ஆனால் முதலில் பேசப்பட்ட திங்கட்கிழமை முன்மாலை நேரம் கிடைக்கவில்லை, அதற்காக 'லாஃப்-இன்' என்ற பெரிய வெற்றி நிகழ்ச்சி அரைமணி நகர வேண்டியிருந்தது, அந்தத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. 'ஸ்டார் டிரெக்'குக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி, அதைப் பார்க்கிற இளவட்டம் வீட்டில் இருக்காத நேரம். 1969-ல் நின்றது. எழுதிய கடிதங்கள் தொடரைக் காப்பாற்றின, ஸ்லாட்டை, அதாவது நல்ல ஒளிபரப்பு நேரத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

2007-லும் இதே கதை. சிபிஎஸ்ஸின் 'ஜெரிக்கோ' நன்றாகவே தொடங்கியது, குளிர்காலத்தில் இரண்டரை மாதத்துக்கும் மேல் இடைவெளி விட்டு, திரும்பி வந்தபோது எதிரில் 'அமெரிக்கன் ஐடல்', கூட்டம் கரைந்தது, மே மாதம் நிறுத்தினார்கள். சீசனின் கடைசியில் வந்த 'நட்ஸ்' என்ற ஒரு வசனத்தை வைத்து ரசிகர்கள் நெட்வொர்க் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்ப ஆரம்பித்தார்கள், 20 டன்னுக்கும் மேல் வந்து குவிந்தது. சிபிஎஸ் இறங்கி வந்து ஏழு எபிசோடு கொடுத்தது, கூடவே புதுப் பார்வையாளர்களைக் கூட்டிவரும்படி ரசிகர்களிடமே கேட்டுக்கொண்டது. 2008 மார்ச்சில் மறுபடி நிறுத்தியது. அன்பின் ஆழம் எவ்வளவு என்று நெட்வொர்க்குக்குக் கடலை மூட்டைகள் காட்டின, அகலம் எவ்வளவு என்று ரேட்டிங் காட்டியது, விளம்பரம் விற்பது அகலத்தை வைத்து.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன். 'லாஸ்ட்' 2004-ல் பெரிய வெற்றி பெற்றதும் எல்லா நெட்வொர்க்குக்கும் வாராவாரம் ஒரே கதை நீளும் தொடர் வேண்டும் என்றாகிவிட்டது. 2006-ல் ஒரே சீசனில் 'ஸ்மித்', 'தி நைன்', 'கிட்நாப்டு', 'வேனிஷ்டு' என்று வரிசையாக வந்தன. 'ஸ்மித்' மூன்றே எபிசோடில் போனது. மற்றவையும் அந்த சீசனைத் தாண்டவில்லை. ஒரு பார்வையாளர் இதில் இரண்டைப் பின்தொடர்ந்து, இரண்டும் முடிச்சு அவிழாமல் நின்றுபோனால் மூன்றாவதைத் தொடங்குவாரா? "ஒரு சீசன் தாண்டட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் முதல் வாரங்களின் எண்ணிக்கை விழும், விழுந்தால் நிறுத்துவார்கள், நிறுத்தினால் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று அவர் மனசு உறுதியாகும், அடுத்த முறை இன்னும் அதிகம் பேர் காத்திருப்பார்கள். இதில் பார்வையாளர் மீது தப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம்பி உட்கார்ந்தவரை நடுவழியில் இறக்கிவிட்டது நெட்வொர்க்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு முடிவும் அப்போதே நடந்தது. 2006 இலையுதிர் காலத்தில் 'லாஸ்ட்' ஆறு எபிசோடு போட்டுவிட்டு மூன்று மாதம் மறைந்ததில் ரசிகர்கள் கடுப்பானார்கள், கதை எங்கே போகிறது என்று எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை என்ற பேச்சு பரவியது. 2007 மே மாதம் ஏபிசி, தொடர் 2010-ல் முடியும், இன்னும் மூன்று சீசன், 48 எபிசோடு என்று தேதி குறித்து அறிவித்தது. நன்றாக ஓடும் தொடருக்கு மூன்று வருஷம் முன்னாலேயே முடிவு நாள் சொல்வது அதுவரை அபூர்வம். பார்ப்பவர்கள் கணக்கு குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனால் இருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். முடிவைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பது வேறு விஷயம், சண்டை போட ஒரு முடிவு இருந்தது.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு ஸ்லாட் என்பதே இல்லை. 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' 13 எபிசோடையும் ஒரே நாளில் கொட்டியபோது இனி வெள்ளிக்கிழமைப் பயம் கிடையாது என்று பலருக்கும் நிம்மதி. பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. இப்போது முகப்பில் எந்த வரிசையில் படம் வைக்கிறார்கள் என்பதே ஸ்லாட், தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோடுவரை வந்தார்கள் என்பதே அந்த ஒன்பதரை மணிப் பள்ளம். பீப்பிள் மீட்டர் காலத்திலாவது எண்ணிக்கை பத்திரிகையில் வரும், பார்வையாளரும் பார்க்கலாம்.

அந்த 1994 வியாழக்கிழமைக்கே ஒருமுறை திரும்புகிறேன், வேறு சேனல்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடிய அதே எட்டரை மணிக்கு ஃபாக்ஸில் 'லிவிங் சிங்கிள்', அதுவும் நியூயார்க்கில் வாழும் ஆறு நண்பர்கள் கதைதான், ஒரு வருஷம் முன்னாலேயே தொடங்கியது. கறுப்பின வீடுகளில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் ஒன்று. பத்து மணிக்கு 'இஆர்'க்கு எதிராக சிபிஎஸ் இன்னொரு புது மருத்துவமனைத் தொடரை, 'சிகாகோ ஹோப்'பை வைத்தது, அடி வாங்கியது, ஆனால் சீக்கிரமே திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள், 2000 வரை ஓடியது. எட்டு மணிக்கு ஏபிசியில் 'மை சோ-கால்டு லைஃப்', பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் கதை, பத்திரிகைகள் கொண்டாடின. எதிரில் என்பிசியின் காமெடிகள், ஏபிசி அதை வேறு நாளுக்கு மாற்றிப் பார்க்கவில்லை. ரசிகர்கள் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த இணையத்தில் ஒன்றுகூடிப் பிரசாரம் நடத்தினார்கள், எம்டிவியில் மறுஒளிபரப்பு ஓடிப் புதுசாக ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், எதுவும் உதவவில்லை. மொத்தம் 19 எபிசோடு. 1995 ஜனவரியில் வந்த கடைசி எபிசோடின் கடைசிக் காட்சியில், காதலன் பெயரில் தனக்கு வந்த கடிதத்தை உண்மையில் எழுதியது பக்கத்து வீட்டுப் பையன் என்று அவளுக்குத் தெரிகிறது. அவன் தெருவில் நிற்கிறான். அவள் அந்தக் காதலனுடைய காரில் ஏறி உட்கார்ந்து அவனைத் திரும்பிப் பார்க்கிறாள், கார் கிளம்புகிறது.